வெள்ளிக்கிழமைப் படகின் சராசரி

பத்துபஸ்தி ஏற்றத்தில் ஆட்டோ நின்றுவிட்டது. போர்ட் பிளேர் விமான நிலையத்திலிருந்து கிளம்பி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஓட்டுநர் தெலுங்குக்காரர். இந்தியில் இன்ஜினைத் திட்டினார், தெலுங்கில் சாமியைக் கூப்பிட்டார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில், "சார், கொஞ்சம் எறங்கித் தள்றீங்களா?" என்றார். ஐம்பத்து நாலு வயதில், பொருளாதாரத் துறைத் தலைவர் என்று அச்சடித்த அட்டை சட்டைப்பையில் இருக்க, மடிக்கணினிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தள்ளினேன். மேட்டைத் தாண்டியதும் வண்டிக்கு உயிர் வந்தது. மரைன் ஹில்லில் இறங்கும்போது பேசிய வாடகையில் இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். "நீங்க தள்ளுனீங்கல்ல" என்றார். இருபத்தெட்டு வருஷமாக வகுப்பில் உழைப்பின் விலை பற்றிப் பாடம் எடுக்கிறேன். என் உழைப்புக்குப் பேரம் பேசாமல் விலை போட்ட முதல் மனிதர் அவர்தான்.

நான் சுற்றிப்பார்க்க வரவில்லை. டெல்லியில் ஓர் ஆலோசனை நிறுவனம் அனுப்பியிருந்தது. தீவுகளுக்கிடையே ஓடும் அரசுப் படகுகளில் எது தேவை, எது வீண் என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். கணக்கு முறை என்னுடையது. தமிழ்நாட்டில் கிராமத்துப் பஸ் தடங்களுக்காக நான் வகுத்தது. அதை அப்படியே கடலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மூன்றே கேள்விகள்: எத்தனை பேர் ஏறுகிறார்கள், அவர்களுடைய ஒரு மணி நேரத்தின் மதிப்பு என்ன, இந்த வண்டி நிற்காமல் ஓடுவதற்குக் கூடுதலாக எவ்வளவு கொடுக்க விரும்புவார்கள். இந்த மூன்றிலும் தேறாத தடத்தை வெட்டிவிடலாம். எத்தனையோ தடங்களை இப்படி வெட்டியிருக்கிறேன். ஒன்றில்கூட நான் போய் உட்கார்ந்ததில்லை.

மரைன் ஹில்லில் இருப்பது சண்முகம் வீடு. கல்லூரித் தோழன், ராமநாதபுரத்துக்காரன். அரசு வேலைக்கு வந்தவன் இங்கேயே வேர் பிடித்துவிட்டான். அவன் மனைவி சுர்மை மீன் குழம்பு வைத்திருந்தார். நம் ஊர் வஞ்சிரம்தான், ஆனால் காலையில் பிடித்தது. ரசத்தில் தக்காளியைத் தேடினேன். "கப்பல் வரல மாப்ளே. கப்பல் வரலைன்னா தக்காளி கெடையாது, தக்காளி இல்லைன்னா அதப் பத்திப் பேச்சும் கெடையாது" என்றான் சண்முகம். ஐந்தரை மணிக்கே இருட்டியது. துறைமுக விளக்குகளைப் பார்த்துக்கொண்டே படுத்தவன், மறுநாள் நாலேமுக்காலுக்கு வெயில் முகத்தில் அடிக்க எழுந்தேன். திருச்சியில் அந்த நேரத்தில் பால்காரர்கூட வரமாட்டார்.

திங்கட்கிழமை. நான் பார்க்க வேண்டிய படகு தெற்கே ஒரு சிறிய குடியிருப்பிலிருந்து வருவது. அந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. காரணம் படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை ஆறு மணிக்கு அங்கிருந்து கிளம்பி எட்டு மணிக்கு போர்ட் பிளேர் வரும். மூன்று மணிக்குத் திரும்பிப் போகும். இரண்டு வாரமாக ஜெட்டியில் உட்கார்ந்து தலைகளை எண்ணிக்கொண்டிருந்தவர் தத்தா. நிறுவனம் அமர்த்திய உள்ளூர் வங்காளி. கையில் ஒரு சின்னக் கருவி. ஆள் இறங்க இறங்கக் கட்டைவிரலால் அழுத்துவார். ஒவ்வொரு நடைக்கும் ஏறக்குறைய ஒன்பது பேர். "ஐம்பது சீட்டுப் படகு. ஒன்பது பேரு. டீசல் அழுவுது சார்" என்றார் இந்தியில். அன்றைக்கும் ஒன்பதுதான்.

ஒன்பது பேரில் ஒரு கணவன் மனைவி. கணவருக்கு முகம் வீங்கியிருந்தது, இடது கையில் கட்டு. அந்த அம்மாள் ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் பிதுங்கி வழியும் துணிப்பை ஒன்றை வைத்திருந்தார். பலகையிலிருந்து இறங்கும்போது பை சாய்ந்து ஒரு மிக்ஸி ஜார் உருண்டு என் காலடியில் வந்து நின்றது. எடுத்துக் கொடுத்தேன். "நம்ம ஆளா சார்?" என்றார். அப்படித்தான் பவளத்தைத் தெரிந்துகொண்டேன். கணவர் பெயர் மாரிமுத்து. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ்.

பவளத்தின் பெற்றோர் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து இங்கே குடியேற்றப்பட்டவர்கள். ரப்பரில் வேலை செய்தார்கள். அது போனபிறகு குடும்பங்கள் பல இடங்களுக்குச் சிதறின. இவர்கள் ஒரு தனியார் பாக்குத் தோட்டத்துக்கு வந்தார்கள். பவளம் பிறந்தது இந்தத் தீவில்தான். ஆனாலும் பேச்சு மட்டும் அந்த மலையிலிருந்து இறங்கவில்லை.

மாரிமுத்துவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அவர் ஜங்லிகாட் கடைத்தெருவுக்கு நடந்தார். எனக்கு வேறு வேலை இல்லை, கூடவே போனேன். மிக்ஸி ஜார் ஒரு கடையில். மூக்குக் கண்ணாடி ஒன்று இன்னொரு கடையில். மருந்துக் கடையில் ஆறு சீட்டு, ஆறும் வேறு வேறு பெயரில். பள்ளிக்கூட விண்ணப்பம் ஒன்றை நகலெடுத்தார். வங்கியில் நாலு பாஸ்புத்தகங்களைப் பதிவு செய்துகொண்டார். கொலுசு ஒன்றுக்குத் திருகாணி. ஸ்கூட்டர்கள் உரசிக்கொண்டு போகும் அந்தச் சந்தில் ஒவ்வொரு கடைக்காரரும் அவரைப் பார்த்ததும் "இன்னிக்கு ஒங்க பாரியா?" என்று கேட்டார். பாரி என்றால் இங்கத்து இந்தியில் முறை.

"இவ்வளவும் உங்க வீட்டு வேலையா?" என்றேன்.

"இல்ல சார், லயம் பூராவுக்கும். அறுவது வீடு" என்றார். "இவருக்கு வாரத்துல மூணு நாள் தொணைக்கு ஆள் வேணும். நானே வந்தா மூணு பேரு போயிரும், அப்புறம் என்னத்தத் திங்கிறது? அதனால பாரி போட்டுட்டாங்க. ஒரு நாளைக்கு ஒரு வீட்டு ஆளு. எப்பிடியும் ஒருத்தர் டவுனுக்குப் போறாரு, மத்தவங்க எதுக்கு வேலைய விட்டுட்டுப் போவணும்? வேணுங்கிறத சிட்டி எழுதிக் குடுத்துருவாங்க. இன்னிக்கு என் பாரி."

லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள். பேரு என்பதையும் இங்கே விளக்க வேண்டும். தோட்டத்தில் காலை ஆறரைக்கு எல்லோரும் கூடும் இடத்தில் பெயர் கூப்பிடுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். அங்கே நின்று பெயர் விழுந்தால்தான் அன்றையக் கூலி. ஆகவே ஒரு நாள் கூலிக்கே பேரு என்றாகிவிட்டது. மாரிமுத்துவுக்குத் துணையாகப் போகிறவரின் பங்கு பாக்கை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக உரித்து முடித்து, போனவரின் பேரைப் போட வைத்துவிடுவார்கள். மேற்பார்வையாளருக்கும் தெரியும். பாக்கு உரிபட்டால் போதும் என்று விட்டுவிடுகிறார்.

ஆஸ்பத்திரி வாசல் மரத்தடியில் உட்கார்ந்து நான் இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். தலை எண்ணிக்கை ஏன் வருஷா வருஷம் குறைகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. என் முன்னறிக்கையில் "தேவை குறைந்துவரும் தடம்" என்று எழுதியிருந்தேன். உண்மையில் அவர்கள் ஒருவருக்கொருவர் உதவ ஆரம்பித்திருந்தார்கள். டெல்லிக்குப் போன் போட்டேன். என் மேலாளர் இளைஞர், மரியாதையானவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது பயணி இல்லையே சார். சரக்குப் பத்தியில் போடலாமா? மொத்த எடை எவ்வளவு இருக்கும்?" என்றார். ஆறு மருந்துச் சீட்டு, நாலு பாஸ்புத்தகம், ஒரு திருகாணி. எடை ஒன்றும் இல்லை என்றேன்.

"நீங்க என்ன சார் எழுதுறீங்க?" என்று பவளம் கேட்டார். சொல்லியிருக்கக் கூடாது. அளக்கப்படுகிறவர்களுக்கு அளவுகோல் தெரியக்கூடாது என்பது நானே எழுதிய விதி. ஆனால் அவர் கேட்ட விதத்தில் பொய் சொல்ல வாய் வரவில்லை. படகில் ஆள் குறைவாக இருப்பதால் வெள்ளிக்கிழமை நடையை நிறுத்தலாமா என்று பார்க்கிறார்கள், அதற்காகத் தலை எண்ணுகிறார்கள் என்றேன். எத்தனை தலை இருந்தால் தப்பிக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த எண் பன்னிரண்டு. மூன்று வாரத்து ஒன்பது நடைகளின் சராசரி பன்னிரண்டுக்குக் குறையக் கூடாது. விதியில் பாதியைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு ஒரு திருப்தி வேறு.

அவர் மருந்துப் பொட்டலங்களைப் பைக்குள் அடுக்கினார். பிறகு, "வெள்ளி இல்லைன்னா இவரு புதன்லருந்து திங்க வரைக்கும் தாங்க மாட்டாரு சார். போன மழையில ஒரு வாரம் படகு சுணங்கிருச்சு. நெஞ்சு பூரா தண்ணி. குந்த வச்சே வச்சிருந்தோம், படுக்க ஏலாது" என்றார். டவுனில் வீடு எடுத்துத் தங்கலாமே என்று கேட்டேன். தோட்டத்தில் வேலை செய்தால்தான் லயத்து வீடு, பவளத்தின் கூலிதான் வீட்டுக்கு ஒரே வரும்படி. இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் என் கேள்வி அசிங்கமாக இருந்தது.

புதன்கிழமை மாலைப் படகில் அந்த ஊருக்குப் போனேன். கரையை விட்டு அரை மணி நேரத்தில் காற்று பிடித்துக்கொண்டது. காலையில் தின்ற பூரியையும் மதியம் சண்முகம் வீட்டில் தின்ற எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்தேன். டயாலிசிஸ் முடிந்து திரும்பிக்கொண்டிருந்த மாரிமுத்து, உதடு வெளுத்துப் போயிருந்த அந்த மனிதர், எழுந்து வந்து என் முதுகைத் தடவிக் கொடுத்தார். "தூரத்துல கரையப் பாருங்க சார். தண்ணியப் பாக்காதீங்க." அன்று அவருக்குத் துணையாக வந்தவர் ஒரு தச்சர். மடியில் யாருடைய பிரஷர் குக்கரையோ கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினார்.

இதே கடலில் சுற்றுலாப் பயணிகளுக்கான வேகப் படகுகள் எங்களை இரண்டு முறை கடந்து போயின. அந்தத் தடங்களையும் நான்தான் கணக்கிட்டேன். எல்லாம் பிரமாதமாகத் தேறின. ஒருவருடைய நேரத்துக்கு அவருடைய சம்பளத்தைக் கொண்டுதான் நாங்கள் மதிப்புப் போடுவோம். பெங்களூரிலிருந்து நீந்த வந்தவரின் ஒரு மணி நேரம், பாக்கு உரிக்கிற பெண்ணின் ஒரு வாரத்தைவிட மதிப்புள்ளதாக வரும். ஏழையின் நேரம் மலிவு, ஆகவே ஏழை ஏறும் படகு எப்போதும் நஷ்டம். இதை எத்தனை மாணவர்களுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன்! கோடு அழகாக இறங்கும். ஒரு மாணவன்கூட எழுந்து கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பரீட்சைக்கு வராது என்று உட்கார வைத்திருப்பேன்.

வியாழக்கிழமை வீடு வீடாகப் போனேன். வரிசை வீடுகள், தகரக் கூரை, வாசலில் காயும் பாக்கு. போகிற இடமெல்லாம் தேத்தண்ணி. இனிப்பு வேண்டாம் என்றால் வருத்தப்படுகிறார்கள், ஆகவே சர்க்கரை வியாதியை மறைத்துக்கொண்டு குடித்தேன். என் படிவத்தில் மூன்றாவது கேள்வியை வாசித்தேன்: வெள்ளிக்கிழமைப் படகு நிற்காமல் இருக்க, டிக்கெட்டுக்கு மேல் எவ்வளவு கூடுதலாகக் கொடுப்பீர்கள்? பலரும் சிரித்தார்கள். சிலர் ஐந்து ரூபாய் என்றார்கள், என் முகத்தைப் பார்த்துப் பத்து என்று திருத்தினார்கள்.

மாரிமுத்து நிதானமாக யோசித்தார். "எங்கிட்ட ஒண்ணுமில்ல சார். டிக்கெட்டுக் காசே லயத்துல சேத்துத்தான் குடுக்குறாங்க. இல்லாததக் குடுப்பேன்னு எழுத ஏலாதுல்ல? சைபர்னு போட்டுக்கங்க."

போட்டேன். எங்கள் பாடத்தில் விருப்பம் என்றால் காசோடு வருகிற விருப்பம். காசில்லாத விருப்பத்துக்குக் கட்டம் கிடையாது. அந்தப் படகு இல்லாவிட்டால் செத்துப்போகிற மனிதர் அதற்குக் கொடுக்கும் மதிப்பு சைபர் என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அன்று சாயங்காலம் பவளத்தின் வீட்டு வாசலில் ஆட்கள் கூடி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. எனக்கு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வந்தன. காரம் கண்ணில் நீரை வரவழைத்தது. கூச்சத்தில் நான் எதுவும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஜெட்டிக்குப் போனால், கூட்டம். பெண்கள் நல்ல சேலை கட்டியிருந்தார்கள். ஆண்கள் சட்டை தேய்த்துப் போட்டிருந்தார்கள். படகோட்டி சாரங்கு மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "இன்னிக்கு யார் வீட்டுல கல்யாணம்?" என்று இந்தியில் கேட்டார். வரிசையாக ஏறி, வரிசையாக உட்கார்ந்தார்கள். மாரிமுத்துவை நடுவில் காற்று படாத இடத்தில் உட்கார வைத்தார்கள். நான் எண்ண வேண்டியதில்லை, ஆனாலும் எண்ணினேன். நாற்பத்தேழு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "டவுன்ல என்னம்மா வேலை?" என்றேன்.

"வேலை ஒண்ணுமில்ல சார். சும்மா வாரோம்."

"இன்னிக்குப் பெரட்டு?"

"போகல. இத்தன பேரு வந்துட்டா யாரு பங்க யாரு உரிக்கிறது? பேரு போனா போகட்டும். எண்ணுறாங்கன்னு பவளம் சொல்லிச்சு. எண்ணட்டும்."

போர்ட் பிளேரில் இறங்கும்போது தத்தாவின் கட்டைவிரல் ஓயவில்லை. ஏழெட்டுப் பேர் ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் போனார்கள். மற்றவர்கள் ஜெட்டிக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். மூன்று மணி வரை உட்கார்ந்தே இருந்தார்கள். டவுனைச் சுற்றிப் பார்க்கலாமே என்றேன். காசு செலவாகும் என்றார்கள். மதியம் பொட்டலத்தைப் பிரித்து ரொட்டி தின்றார்கள், எனக்கும் பங்கு வைத்தார்கள். டயாலிசிஸ் முடிந்து வந்த மாரிமுத்து அவர்களுக்கு எதிரே உட்காராமல் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "எனக்காகத்தான்னு தெரியுது சார். மொகத்தப் பாக்க ஏலல" என்றார். தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய், ஒரு மீன் வண்டிக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

எவ்வளவு கொடுப்பீர்கள் என்று முந்தின நாள் கேட்டிருந்தேன். பதில் இங்கே மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது. இருக்கிற ஒரே சொத்தான ஒரு நாளைக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள், அதுவும் தங்களுக்காக இல்லை. தன் லாபத்தை மட்டும் பார்க்கும் மனிதனை வைத்துத்தான் நாங்கள் எல்லாக் கணக்கையும் தொடங்குவோம். அந்த மனிதனை நான் வகுப்பறையில் மட்டுமே பார்த்திருக்கிறேன் என்பது அந்த ஜெட்டியில் உறைத்தது.

சனிக்கிழமை, படகுகளை ஓட்டும் அரசுத் துறையின் அலுவலகம். அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. நல்ல மனிதர், முந்திரி பக்கோடா வரவழைத்தார். பொருளாதாரம் படித்துத் தேர்வு எழுதி வந்தவர். நாங்கள் எழுதுகிற மாதிரியான புத்தகங்களைத்தான் படித்திருந்தார். நான் பவளத்தின் பையைப் பற்றிச் சொன்னேன். தலையை எண்ணாதீர்கள், சீட்டுகளை எண்ணுங்கள் என்றேன். மாரிமுத்துவைப் பற்றிச் சொன்னேன்.

"நம்புறேன் சார்" என்றார். "ஆனா நம்பிக்கைய ஃபைல்ல எழுத முடியாது. ஒரு நோயாளிக்காகப் படகுன்னு எழுதினா, அது சுகாதாரத் துறை விஷயம்னு திரும்பி வரும். நாளைக்கு இன்னொரு தீவுக்காரங்க கேப்பாங்க, அவங்களுக்கு என்ன சொல்றது? எனக்கு ஒரு எண் வேணும். அதுக்குத்தானே ஒங்கள வரவழைச்சோம்?"

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு காலத்தில் யாரோ ஒரு அமைச்சர், இந்தப் படகு ஓடட்டும் என்றோ நிற்கட்டும் என்றோ சொல்லியிருப்பார். ஊர் அவரைத் திட்டியோ மாலை போட்டோ இருக்கும். இப்போது யாரும் எதுவும் சொல்வதில்லை. எண் சொல்கிறது என்கிறார்கள். எண்ணைத் திட்ட முடியாது, எண்ணுக்கு எதிராக ஓட்டுப் போடவும் முடியாது. அந்த ஏற்பாட்டுக்கு என் மாதிரி ஆட்கள் இத்தனை வருஷம் பக்கபலமாக இருந்திருக்கிறோம். அரசியல் வேண்டாம், அறிவியல் போதும் என்று மேடை மேடையாகப் பேசியும் இருக்கிறேன்.

அதிகாரி தத்தாவின் தாளைத் திருப்பினார். "எட்டு நடை ஒன்பது, ஒன்பது. கடைசி வெள்ளி மட்டும் நாற்பத்தேழு. அதச் சேத்தா சராசரி பதிமூணு, தேறிடும். சேக்கலைன்னா ஒன்பது, நிறுத்தணும். உங்க முறையிலயே ஒரு பத்தி இருக்கு சார். திருவிழா, கல்யாணம், வேலைநிறுத்தம் மாதிரி வழக்கத்துக்கு மாறான நாள நீக்கிடலாம், களத்துக்குப் போன நிபுணர் சான்று குடுத்தா போதும்னு. நேத்து அங்க என்ன? கல்யாணமா?"

"இல்லை" என்றேன்.

"திருவிழா?"

"இல்லை. சாதாரண வெள்ளிக்கிழமைதான்."

அவர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். தாளை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன். என் தொழில் வாழ்க்கையில் ஒரு எண்ணைப் பற்றித் தெரிந்தே சொன்ன முதல் பொய் அது. பக்கோடாவில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்றுகூட நினைத்தேன்.

"நல்லதாப் போச்சு" என்றார் அதிகாரி. "இனிமே தனியா ஆய்வு வேண்டாம் சார். கிளம்பும்போது சாரங்கு தலைய எண்ணி எழுதினாலே போதும், மாசாமாசம் சராசரி வந்துரும். பன்னிரண்டுக்குக் கீழ போனா வெள்ளி நடை தானா நின்னுரும். யாரும் முடிவெடுக்க வேண்டியதில்ல." எண்ணிக்கை தொடரும் என்பதை மட்டும் ஊருக்குச் சொல்வோம், வரம்பைச் சொல்ல மாட்டோம் என்றார். அதுவும் என் விதிதான். நான் தலையாட்டினேன். படகு பிழைத்த சந்தோஷத்தில் அதன் பொருள் எனக்கு முழுதாக ஏறவில்லை.

விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கீழே தீவுகளும் அவற்றைச் சுற்றி வெளிறிய நீல நீரும் தெரிந்தன. திருச்சிக்கு வந்ததும் மறுபடி வகுப்பு, மறுபடி அதே பாடத்திட்டம். இறங்கும் கோட்டை வரையும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தி மாரிமுத்துவின் கதையைச் சொன்னேன். ஒரு பெண், "சார், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டாள். வர வேண்டும் என்றேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை காலை ஐந்தேமுக்காலுக்குப் போன் அடித்தது. படிவத்தின் மூலையில் என் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

"சார், பவளம் பேசுறேன். படகுலருந்து. இன்னும் கெளம்பல."

இன்ஜின் சத்தம் கேட்டது. மாரிமுத்து எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நல்லாருக்காரு சார். வெள்ளி தப்பாம போறதுனால வீக்கம் வடிஞ்சிருச்சு. இந்தா பக்கத்துலதான் குந்திருக்காரு." அவர் குரல் இறங்கியது. "படகு மூணு நடையும் ஓடுது. நாங்க பாரிய மாத்திப் போட்டுட்டோம். வீட்டுக்கு வாரம் ஒரு ஆளு, நடைக்கு இருவது பேரு."

"இருபதா? எதற்கு?"

"எண்ணுறாங்களே சார். கொறஞ்சா நின்னுரும்னாங்க, எத்தனன்னு சொல்லலயே. அந்த வெள்ளி நாப்பத்தேழு வந்தோம், அத்தன ஏலாது. பத்து போதுமா பதினஞ்சு போதுமான்னு தெரியாம இருவதுல நிறுத்துனோம்." கொஞ்சம் தயங்கினார். "இப்ப பாக்கு பழுத்துருச்சு. ஒரு பேரு போனா ஊட்டுக்குப் பெரிய நட்டம். லயத்துல மொணங்க ஆரம்பிச்சிட்டாங்க. யாரையும் குத்தம் சொல்ல ஏலாது சார். இவரு, நான் வரல, விட்டுருங்கங்குறாரு. அதான் கேக்குறேன். எத்தன தல இருந்தாப் போதும்?"

இரண்டு மாதம், வாரத்துக்கு மூன்று நடை, ஒவ்வொரு நடையிலும் தேவைக்கு மேல் எட்டுப் பேர். அத்தனை நாளும் அந்தப் படகு என்னால்தான் ஓடுகிறது என்று பெருமையாக நினைத்துக்கொண்டு நான் காப்பி குடித்திருக்கிறேன்.

"பன்னிரண்டு" என்றேன். "சராசரி பன்னிரண்டு இருந்தால் போதும்."

"பன்னெண்டா?"

"ஆமாம்மா. அப்போதே சொல்லியிருக்கணும்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவர் கத்தியது எனக்கு அப்படியே கேட்டது.

"ஏய், பன்னெண்டு போதுமாம்! எட்டுப் பேரு எறங்குங்க! ஓடுங்க, ஓடுனா பெரட்டப் புடிச்சிரலாம்!"

பலகை மேல் கால்கள் திடுதிடுவென்று ஓடும் சத்தம் வந்தது. பவளம் போனை அணைக்க மறந்துவிட்டார். அந்தச் சத்தம் தேயும்வரை நானும் அணைக்கவில்லை.